ஜிப்ஸியை உயர்த்துவதற்கு முன் அதன் துருவை அறுத்த கதை

ஜிப்ஸியின் உயரத்தைக் கூட்டும் லிஃப்ட் கிட் இருந்த அட்டைப்பெட்டியும் 235/75 ஆர்15 அளவில் ஐந்து டயர்களும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏழு மாதங்கள் கிடந்தன. வண்டியை வாங்கிய அதே வாரத்தில் அவற்றையும் வாங்கிவிட்டேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை லிஃப்டை மாட்டிவிட்டு, அதற்கடுத்த வாரம் பொள்ளாச்சிக்கு அப்பால் நண்பர் ஒருவரின் தென்னந்தோப்பை ஒட்டிய ஓடைப் பாதையில் ஓட்டிப் பார்ப்பதாகத் திட்டம். மாசி மாதத்தில் அம்மா அந்த டயர்களின் மேல் தாம்பாளத்தை வைத்து வடகம் காயப்போட்டபோது, வண்டி இன்னும் பட்டறையில் அடித்தரைத் தகடு இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

வண்டி 2001-ஆம் ஆண்டின் மாருதி ஜிப்ஸி கிங், 1.3 லிட்டர் எம்பிஎஃப்ஐ பெட்ரோல் எஞ்சின் கொண்டது. 1985-இன் இறுதியில் அறிமுகமான ஜிப்ஸியின் பொது விற்பனை 2019-இல் நின்றுவிட்டதால், இன்று அதை விரும்புகிறவருக்குப் பழைய வண்டியைத் தவிர வேறு வழியில்லை. நான்கு மூலையிலும் ஸ்பிரிங் பட்டை, ஏணி போன்ற தனிச் சேஸிஸ், அதன் மேல் ரப்பர் மவுண்டுகளில் உட்கார வைத்த பாடி என்று எளிமையான கட்டமைப்பு என்பதால், கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவருக்கும் இந்த வண்டியின் மேல் ஓர் ஆசை வந்துவிடும். என்னுடையது பதினாறு ஆண்டுகள் தூத்துக்குடிப் பக்கத்து உப்பளம் ஒன்றில் மேற்பார்வை வண்டியாக ஓடியது. அதை விற்றவர் மறைக்கவில்லை, அவரே சொன்னார். கேட்டுக்கொண்டும் 2,40,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தவன் நான்தான்.

என்னை ஏமாற்றியது அடிப்பகுதியில் பூசியிருந்த கறுப்புப் பூச்சு. தார் கலந்த அண்டர்கோட்டிங்கைப் புத்தம் புதிதாக அடித்திருந்தார்கள். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒரு பொட்டுத் துரு கண்ணில் படவில்லை. வழவழவென்று, சீரான கறுப்பு. பராமரித்த வண்டி என்று மகிழ்ந்தேன். இருபது வயதான வண்டியின் அடியில் கல்லடி பட்ட தடமோ, மங்கிய நிறமோ, காய்ந்த சேறோ இல்லாமல் இருப்பதே சந்தேகத்துக்குரியது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. துருவின் மேல் அடித்த தார்ப் பூச்சு துருவை நிறுத்துவதில்லை. விளிம்புகளில் நுழையும் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்வதால், வெளியே காற்றாடக் கிடந்த இரும்பைவிட அதற்கடியில் இருக்கும் இரும்பு விரைவாகவே போய்விடுகிறது. இப்போது பழைய வண்டி பார்க்கப் போகும் நண்பர்களிடம், அடியில் துரு தெரிகிற வண்டியை விலை பேசுங்கள், அடியில் எதுவுமே தெரியாத வண்டியைத் தட்டிப் பாருங்கள் என்று சொல்கிறேன்.

தட்டிப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கோவை கணபதிப் பக்கத்தில் சிறிய பட்டறை வைத்திருக்கும் டிங்கர் அண்ணன். லிஃப்ட் மாட்டுவதற்கு முன் பின்பக்க பம்பரின் வளைவை மட்டும் நிமிர்த்தித் தரச் சொல்லித்தான் அவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் பம்பரைத் தொடவே இல்லை. உருண்டைத் தலைச் சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, சேஸிஸைப் பின்னாலிருந்து முன்னோக்கி ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு கணீரென்றது. பின்பக்க ஸ்பிரிங் பட்டை தொங்கும் பிராக்கெட்டுக்கு அருகே வந்தபோது சத்தம் செத்துப்போய், ஈர மரத்தைத் தட்டியது போல் பொத்தென்று கேட்டது. இன்னொரு முறை சற்று அழுத்தித் தட்டினார். சுத்தியலின் தலை உள்ளே போய்விட்டது.

“தம்பி, இது வண்டி இல்லீங்க, பெயிண்ட் அடிச்ச சல்லடைங்க” என்றார்.

“ஏனுங்ணா, எவ்வளவு வெட்ட வேண்டியிருக்கும்?”

“நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டோணும். அது எங்க வரும்னு வெட்டுனாத்தானுங்க தெரியும்.”

இந்தப் பதிலைக் கேட்டு எரிச்சலடைந்து வேறு இரண்டு பட்டறைகளில் விசாரித்தேன். ஓரிடத்தில், ஓட்டையின் மேல் ஒரு தகட்டை வைத்து ஆர்க் வெல்டிங்கில் ஒட்டி, மேலே பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) போட்டு, இரண்டு நாளில் 15,000 ரூபாய்க்கு முடித்துத் தருவதாகச் சொன்னார்கள். அங்கே ஒப்படைத்திருந்தால் அந்த மாதமே லிஃப்ட் ஏறியிருக்கும். என்னைத் தடுத்தது நல்லறிவன்று. சுத்தியல் உள்ளே போன இடம் எதுவென்று வீட்டில் உட்கார்ந்து யோசித்ததுதான்.

அந்த பிராக்கெட்டில்தான் லிஃப்ட் கிட்டின் நீளமான ஷேக்கிளை, அதாவது ஸ்பிரிங் பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் துண்டை, மாட்ட வேண்டியிருந்தது. ஸ்பிரிங் பட்டையின் ஒரு முனைதான் ஷேக்கிளில் தொங்குகிறது என்பதால், ஷேக்கிளை நீட்டும் அளவில் ஏறத்தாழப் பாதிதான் வண்டி உயரும். ஆனால் நீட்டிய முழு அளவும் ஒரு நெம்புகோலாகி, வண்டி பக்கவாட்டில் சாயும்போதெல்லாம் அந்த பிராக்கெட்டை முறுக்கும். இதற்கு மேல் டயர். கம்பெனி அளவான 205/70 ஆர்15 டயரின் விட்டம் 668 மி.மீ.; 235/75 டயரின் விட்டமோ 733 மி.மீ.க்குச் சற்று மேல். கூடுதல் எடையும் விட்டமும் ஸ்டியரிங் பாக்ஸ் மாட்டியிருக்கும் இடத்தையும், பாடி மவுண்டுகளையும், ஸ்பிரிங் பிராக்கெட்டுகளையும் ஒருசேர இழுக்கும். துரு தின்ற இடங்களும் நான் புதிதாகச் சுமை ஏற்றப்போகும் இடங்களும் ஒன்றாகவே இருந்தன. இதில் வியப்பில்லை, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் மூலைகளில்தான் சேறும் தங்கும், அந்த மூலைகளில்தான் பாரமும் இறங்கும். வண்டி சாலையில் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தவரை அந்த பிராக்கெட் இன்னும் மூன்று வருடம்கூடத் தாங்கியிருக்கலாம். ஓடைக் கல்லின் மேல் ஒற்றைச் சக்கரம் ஏறி நிற்கும்போது தாங்கியிருக்காது.

டிங்கர் அண்ணனிடமே திரும்பப் போனேன். முதல் வாரம் முழுவதும் கழற்றுவதும் கழுவுவதும்தான். பேட்டரியைக் கழற்றினோம், வெல்டிங் மின்சாரம் பாய்ந்து கெட்டுவிடாதிருக்க எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவின் பிளக்கையும் உருவி வைத்தோம். 40 லிட்டர் பெட்ரோல் டேங்கை இறக்கிப் பட்டறைக்கு வெளியே தள்ளி வைத்தோம். காலி டேங்குதானே என்று அதை வண்டியிலேயே விட்டுவிட்டு அருகில் வெல்டிங் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். டேங்கில் பெட்ரோல் தீர்ந்த இடத்தை அதன் ஆவியும் காற்றும் நிரப்பிக்கொள்வதால், நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்கே ஆபத்தானது. பிறகு சேஸிஸின் பெட்டிக் குழாய்க்குள் முன்பக்க ஓட்டை வழியாக ஹோஸ் பைப்பைச் செருகித் தண்ணீரைத் திறந்துவிட்டோம். பின்பக்கத்தில் முதலில் ஒன்றும் வரவில்லை. அடியில் இருந்த வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்த பிறகு, செங்காவி நிறத்தில் தண்ணீரும், அதைத் தொடர்ந்து சாம்பல் நிறக் களிமண்ணும், அப்பளத் துண்டுகள் போன்ற துருச் செதில்களும் வந்தன. வைத்திருந்த பக்கெட் பாதிக்கு மேல் நிரம்பியது. அந்தக் களிமண்ணை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. தூத்துக்குடியை விட்டு வந்து எத்தனையோ மாதங்கள் ஆகியும் அந்த வண்டி தன் உப்பளத்தை வயிற்றில் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. தண்ணீர் தெளிவாக வரும்வரை மூன்று நாட்கள் கழுவினோம். கழுவாமல் மேலே வேலை செய்வது வீண். இரும்பின் நுண்குழிகளில் உப்பு தங்கிவிட்டால், கிரைண்டர் பிடித்து வெள்ளியாக மின்ன வைத்தாலும் மறுநாள் அதே குழிகளில் பழுப்புப் புள்ளிகள் வந்து நிற்கும்.

அடுத்தது ஓட்டுநர் காலடித் தரை. மேலே ரப்பர் மேட், அதற்கடியில் சணல் நார் விரிப்பு, அதற்கும் அடியில் சத்தம் அடக்கத் தகட்டோடு ஒட்டியிருந்த தார் ஷீட். ரப்பர் மேட்டைத் தூக்கியபோது புழுங்கிய வாடை வந்தது. சணல் விரிப்பு இன்னும் ஈரமாக இருந்தது. தார் ஷீட்டை உளியால் நெம்பியபோது அது தனியாக வரவில்லை, தரையையும் சேர்த்துக்கொண்டு வந்தது. ஷீட்டின் மறுபக்கத்தில் தகட்டின் உருவம் துருவாக அச்சுப் பதிந்திருந்தது. அதே இடத்தில் தரையில் என் உள்ளங்கை அளவுக்கு வானம் தெரிவதற்குப் பதில் பட்டறையின் சிமெண்ட் தளம் தெரிந்தது. வீல் ஆர்ச்சின் உள்ளோரத்திலும் இரண்டு தகடுகள் சேரும் விளிம்புகள் வாய் பிளந்திருந்தன. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால், உள்ளே வீங்கி ஸ்பாட் வெல்டுகளையே பிய்த்துவிடுகிறது. பின்பக்க ஃபெண்டரில் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை ஓட்டிப் பார்த்தபோது சில இடங்களில் ஒட்டாமல் நழுவியது. அங்கெல்லாம் விரற்கடை கனத்துக்குப் பட்டி.

சேஸிஸ் வேலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத் தவறாகச் செய்த வண்டிகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். அழுகிய பகுதியை, தகட்டின் கனம் முழுமையாகக் கிடைக்கும் இடம்வரை வெட்டி எடுத்தோம். உள்ளே தெரிந்த நல்ல இரும்பைச் சுத்தம் செய்து, வெல்டிங்கைத் தாங்கும் ஜிங்க் பிரைமர் அடித்தோம். மாற்றுத் தகடு 3 மி.மீ.; இன்னும் பத்திரமாக இருக்கட்டுமே என்று 6 மி.மீ. போடச் சொன்ன என்னை அண்ணன் மறுத்துவிட்டார். சேஸிஸ் ஓடும்போது சற்று வளைந்து கொடுக்க வேண்டியது. நடுவில் ஓரிடம் மட்டும் விறைத்து நின்றால், அந்த விறைப்பு முடியும் கோட்டில்தான் அடுத்த விரிசல் வரும். அதே காரணத்துக்காக, மேலே வைக்கும் ஒட்டுத் தகட்டின் முனைகளைச் செங்குத்தாக வெட்டாமல் மீன்வால் போலச் சாய்வாக வெட்டி, மூலைகளை உருட்டிவிட்டோம். குறுக்கே நேர்க்கோட்டில் ஓடும் வெல்டிங், கிழிப்பதற்கென்றே காகிதத்தில் மடித்த மடிப்பு மாதிரி.

கறுப்புப் பூச்சை வயர் பிரஷ்ஷால் உரித்துக்கொண்டே முன்பக்கம் வந்தபோது, வலப்பக்கச் சேஸிஸில் ஸ்டியரிங் பாக்ஸ் மாட்டும் இடத்தருகே தலைமயிர் போன்ற ஒரு கோடு தெரிந்தது. மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் தூளைத் தூவினோம். கோட்டுக்குள் இருந்த எண்ணெய் ஊறி, தூளில் ஈரக் கோடாக நீளம் காட்டியது. கிட்டத்தட்ட 4 செ.மீ. விரிசல். இந்த வகை வண்டிகளில் பெரிய டயர் மாட்டியவர்கள் அடிக்கடி சந்திக்கும் இடம் அது. விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு அது மேற்கொண்டு ஓடாமல் நிறுத்தி, கிரைண்டரால் வி வடிவப் பள்ளம் எடுத்து நிரப்பி, சமன்செய்து, மேலே தகடு வைத்தோம். துரு வேலையை ஒத்திப்போட்டுப் பெரிய டயரை மாட்டியிருந்தால் அந்தக் கோட்டை நான் எங்கே, எந்த வளைவில் கண்டுபிடித்திருப்பேன் என்று இப்போதும் சில இரவுகளில் நினைப்பதுண்டு.

பாடித் தகடுகளுக்கு 18 கேஜ், அதாவது ஏறத்தாழ 1.2 மி.மீ. தகடு எடுத்தோம். சிஓடூ வெல்டிங்கில், ஓரிடத்தில் ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி இன்னொரு பொட்டு என்று மாற்றி மாற்றி வைத்து, இடைவெளிகளைப் பொறுமையாக நிரப்ப வேண்டும். ஒரே இழுப்பில் பிடித்தால் சூட்டில் தகடு அலையலையாக நெளிந்துவிடும். உக்கடத்துப் பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்த ஜிங்க் பூச்சுத் தகட்டை நான் பெருமையோடு கொண்டுபோனபோது, அண்ணன் அதை ஓரமாக வைத்துவிட்டார். ஜிங்க் எரிந்து வரும் வெள்ளைப் புகையை மூடிய இடத்தில் சுவாசித்தால் அன்றிரவு குளிரும் காய்ச்சலும் வரும். இளவயதில் அவருக்கு வந்திருக்கிறது.

என் பங்குக்கு இரண்டு தவறுகள் செய்தேன், இரண்டும் அவர் இல்லாத நாட்களில். அவர் ஒரு வாரம் ஊருக்குப் போயிருந்தபோது, பழைய மவுண்ட் ரப்பர்களைக் கழற்றி, பாடியை ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்திவிட்டு, தரையையும் கதவுக்குக் கீழே இருக்கும் ஓரச்சட்டத்தையும் இருபுறமும் ஒரே நேரத்தில் வெட்டிவிட்டேன். வெட்டிய பாடி, தாங்குவார் இல்லாமல் நடுவில் மெல்லத் தொய்ந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. நானும் அவருடைய உதவியாளரும் புதுத் தகடுகளை வைத்துப் பிடித்து முடித்த பிறகு கதவைச் சாத்தினால், பூட்டு அதன் கொக்கிக்கு 6 மி.மீ. கீழே நின்றது. திரும்பி வந்த அண்ணன் ஒன்றும் சொல்லாமல் கதவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, டீ குடிக்கப் போய்விட்டார். அனைத்தையும் மறுபடி வெட்டினோம். இம்முறை புது மவுண்டுகளைப் போட்டுப் பாடியைச் சேஸிஸோடு போல்ட் செய்து, கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் குழாயைத் தற்காலிகமாகப் பற்றவைத்து, ஒருபக்கம் முடிந்த பிறகே மறுபக்கத்தை வெட்டினோம். அந்த அவசரத்தின் விலை 11,000 ரூபாயும் மூன்று வாரங்களும்.

இரண்டாவது தவறு அமிலம். வெட்ட வேண்டிய அளவுக்குக் கெடாத, மேல்துரு மட்டும் படிந்த இடங்களுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி நன்றாக வேலை செய்கிறது. ஆனால் பின்கதவின் உட்புறத்தில் அதைத் தடவிக் காயவிட்டு, கழுவித் துடைக்காமல் அதன் மேலேயே எபாக்ஸி பிரைமரை அடித்துவிட்டேன். பத்து நாள் கழித்து மாஸ்கிங் டேப்பை உரித்தபோது பிரைமர் ஏடு போல டேப்போடு வந்தது. அமிலத்தின் மிச்சம் இருக்கும் இடத்தில் எபாக்ஸி பிடிக்காது. மறுபடி தேய்த்து, கழுவி, ஹீட் கன்னால் உலர்த்தி, அதே மாலையில் பிரைமர் அடித்தோம். அதே மாலை என்பது முக்கியம்; அது கார்த்திகை மாதம், வடகிழக்குப் பருவமழைக் காலம். இரவு மேசை மேல் வைத்துவிட்டுப் போன வெறும் தகடு காலையில் ஆரஞ்சு நிறமாக இருந்ததை இருமுறை பார்த்த பிறகு, அன்றைக்குப் பிரைமர் அடித்து முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே காலையில் தேய்ப்பது என்று வைத்துக்கொண்டோம்.

சிறு பிராக்கெட்டுகளுக்கும் நட்டு போல்ட்டுகளுக்கும் வீட்டிலேயே சலவை சோடா கரைத்த தண்ணீரில் பேட்டரி சார்ஜரின் மைனஸ் முனையைப் பொருளோடும், பிளஸ் முனையைப் பழைய இரும்புத் துண்டோடும் இணைத்துத் துருவை நீக்கினேன். துருப்பிடிக்காதே என்று பிளஸ் பக்கத்தில் எவர்சில்வர் கரண்டியைப் போட்டுவிடக் கூடாது. அதிலிருந்து நச்சுக் குரோமியம் தண்ணீரில் கரையும். ஹைட்ரஜன் வாயு வருவதால் மொட்டை மாடி போன்ற திறந்த இடம் வேண்டும். வடகத்துக்கு அருகில் வேண்டாம் என்பதை அம்மா தனியாகச் சொன்னார்.

பூச்சு வரிசையில் நான் விடாப்பிடியாக இருந்தது ஒன்றில்தான்: வெறும் இரும்பின் மேல் முதலில் எபாக்ஸி பிரைமர், பட்டி தேவைப்பட்டால் அதற்கு மேல். பட்டி ஈரத்தை உறிஞ்சும் பொருள். அதை வெறும் தகட்டின் மேல் அப்பினால் துருவுக்குப் பாய் விரித்துக் கொடுத்த மாதிரி. சேஸிஸின் உட்புறத்தில் நீளக் குழாய் முனை கொண்ட ஸ்பிரேயால் மெழுகுப் பூச்சு தெளித்தோம், வடிகால் துளைகளை அடைக்காமல். பழைய எஞ்சின் ஆயிலையும் டீசலையும் கலந்து அடிக்கும் நம் ஊர்ப் பழக்கத்தை நான் முழுதாகக் குறைசொல்ல மாட்டேன், ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால் அது புஷ் ரப்பர்களை ஊத வைக்கும், மண்ணை ஒட்ட வைக்கும், மழை பெய்தால் ஓடை நீரிலும் கலக்கும்.

சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டரோ வெல்டிங்கோ படாமல் முதல் நாளே டேப் சுற்றிக் காத்தோம். பதினைந்து ஆண்டைக் கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது ஆர்டிஓ அலுவலகத்தில் அந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள். உற்பத்தியாளர் குறித்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை ஒட்டி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. துரு வேலை பழைய உருவத்தையே மீட்பதால் அதில் சிக்கல் இல்லை. லிஃப்டும் பெரிய டயரும் சிக்கலானவை. அதனால்தான் வெல்டிங்கில் எதையும் நிரந்தரமாக மாற்றாமல், போல்ட்டில் மாட்டிக் கழற்றும் 2 அங்குல கிட்டோடு நின்றுகொண்டேன். பழைய ஷேக்கிள்களும் டயர்களும் எண்ணெய் பூசிப் பத்திரமாக இருக்கின்றன.

மொத்தச் செலவு 86,000 ரூபாய். அதில் தகடும் பூச்சுப் பொருட்களும் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, மீதி எல்லாம் கைவேலை. வண்டி விலை பேசும்போதே இந்தத் தொகையை மனதில் வைத்திருந்தால், 2,40,000 ரூபாய்க்கு உப்பளத்து வண்டியை வாங்காமல், சேலம், தர்மபுரிப் பக்கம் வறண்ட ஊரில் ஓடிய வண்டியைச் சற்றுக் கூடுதல் விலைக்கு வாங்கியிருப்பேன். அதுதான் மலிவாக முடிந்திருக்கும்.

லிஃப்ட் கிட்டை மாட்டுவதற்கு ஒன்றரை நாள்தான் ஆனது. புது பிராக்கெட்டில் போல்ட்டுகள் கையால் திருகியே முக்கால்வாசி ஏறின. ஓடைப் பாதையில் முதல் நாள் ஓட்டிவிட்டு வந்து, அன்று மாலையே அடியைக் கழுவி, சுத்தியலோடு படுத்துத் தட்டிப் பார்த்தேன். எல்லா இடமும் கணீரென்றது. ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன் இதைச் செய்கிறேன். போன முறை முன்கண்ணாடிச் சட்டத்தின் இடது கீல் அருகே பெயிண்ட் ஒரு கடுகளவு உப்பியிருந்தது. பேனாக்கத்தியால் கிளறினேன், கடுகுக்கு அடியில் மிளகளவு இருந்தது. கண்ணாடியைக் கழற்றாமல் அந்த இடத்தை வெட்ட முடியாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். சித்திரையில் நாள் கொடுத்திருக்கிறார்.